மனச்சோர்வில் இருக்கும் தம்பிக்கும் அவனை நினைத்துச் சோர்ந்துபோகும் எனக்கும் அன்றாடம் உதவக்கூடிய சிறு செயல்கள் எவை?

கேள்வி: மாலைநேரம்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி சில மாதங்களாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்று வருகிறான். மருத்துவரைப் பார்க்கிறான், மருந்தும் தவறாமல் எடுத்துக்கொள்கிறான். ஆகவே என் கேள்வி சிகிச்சையைப் பற்றியது அன்று. மருத்துவரை ஒருமுறை பார்ப்பதற்கும் அடுத்த முறை பார்ப்பதற்கும் இடையில் வரும் சாதாரண நாள்களைப் பற்றியது. அவன் வேறு ஊரில் தனியாக இருக்கிறான். "எப்படி இருக்கிறாய்?" என்று நான் அனுப்பும் குறுஞ்செய்தியைப் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறிகள் விழும், பதில் வராது. மறுபடி கேட்டால் தொல்லை கொடுப்பதாகிவிடுமோ என்று தோன்றுகிறது. கேட்காமல் விட்டால், அக்காவும் நம்மைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கவலையில் என் தூக்கமும் கெட்டுவிட்டது. நடு இரவில் விழித்துக்கொண்டால், விடியும்வரை மனம் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கெல்லாம் வழி தேடிப் படித்தால் தியானம், யோகா, நன்றிக் குறிப்பேடு, தினமும் ஒரு மணி நேர உடற்பயிற்சி என்று பட்டியல் நீள்கிறது. அவற்றைத் தொடங்குவதற்கான தெம்பு எங்கள் இருவரிடமும் இல்லை. ஐந்து பத்து நிமிடங்களில் செய்யக்கூடியவையாகவும், ஓரளவாவது சோதித்துப் பார்க்கப்பட்டவையாகவும் இருக்கும் சிறு செயல்கள் ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள். அவனுக்கானவையும் எனக்கானவையும் தனித்தனியாக இருந்தாலும் சரி.

மறுமொழி: ஒற்றையடிப்பாதை

சகோதரி, உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அதைப் பற்றித்தான் எனக்கு விரிவாகத் தெரியும்.

"எப்படி இருக்கிறாய்?" என்பது பார்வைக்குச் சிறிய கேள்வி. மனச்சோர்வில் இருப்பவருக்கு அது பெரிய வேலை. உண்மையைச் சொன்னால் நீங்கள் கலங்குவீர்கள். "நன்றாக இருக்கிறேன்" என்றால் பொய் சொன்ன உறுத்தல் மிஞ்சும். இரண்டும் வேண்டாம் என்று பதிலைத் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்ட பதில் நாளுக்கு நாள் கனத்துப்போகும். ஆகவே எதையும் கேட்காத, எதையும் எதிர்பார்க்காத செய்திகளை அனுப்பிப் பாருங்கள். நான் பரிந்துரைப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இன்று வேலை முடிந்து வரும்போது வானம் முழுக்கச் செம்மையாக இருந்தது. உன் நினைவு வந்தது. பதில் எழுத வேண்டியதில்லை." இறுதி வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். நீங்கள் அதைச் சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே பதிலை எதிர்பார்க்கவில்லை என்பது பலமுறை கேட்ட பிறகுதான் அவருக்கு உறைக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கால ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் ஜெரோம் மோட்டோ என்னும் மனநல மருத்துவர், மனச்சோர்வினாலோ தற்கொலை எண்ணத்தினாலோ சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டு, வீடு திரும்பிய பின் தொடர்சிகிச்சையை ஏற்காமல் விட்ட 843 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவினருக்கு மட்டும், மருத்துவமனையில் அவர்களைச் சந்தித்த ஒருவரிடமிருந்து சில வரிகளே கொண்ட கடிதங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு அவ்வப்போது சென்றன. முதலில் மாதம் ஒன்று, பிறகு இரண்டு மாதங்களுக்கு ஒன்று, அதன் பின் மூன்று மாதங்களுக்கு ஒன்று என மொத்தம் 24 முறை தொடர்புகொண்டார்கள். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதுங்கள் என்பதற்கு மேல் அக்கடிதங்களில் பெரிதாக ஒன்றுமில்லை. அறிவுரை இல்லை, சிகிச்சைக்கு வரச் சொல்லும் வற்புறுத்தலும் இல்லை. கடிதம் பெற்ற குழுவில் தற்கொலைகள் குறைந்தன. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த வேறுபாடு தெளிவாகவே தெரிந்தது. முழு முடிவுகள் 2001-இல் வெளியாயின. பின்னர் பிற நாடுகளில் நடந்த இத்தகைய சோதனைகள் எல்லாம் இதே அளவுக்குத் தெளிவான முடிவைத் தந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும், எதையும் திருப்பிக் கேட்காத தொடர்பு ஒருவரை வாழ்வோடு பிணைத்து வைக்கக்கூடும் என்ற அவருடைய கருத்தை நான் முழுமையாக நம்புகிறேன்.

எப்போது அனுப்புவது என்பதை உங்கள் கவலை தீர்மானிக்க விடாதீர்கள். மனம் பதறும்போது ஒரே நாளில் பல செய்திகளும், பதறாத வாரத்தில் ஒன்றுமே இல்லாமலும் போனால், உங்கள் பதற்றத்தையும் சேர்த்து அவர் சுமக்க வேண்டியதாகிவிடும். வாரத்தில் இன்னின்ன நாள் என்று முடிவுசெய்துகொண்டு, பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதே இடைவெளியில் அனுப்புங்கள்.

தொல்லை கொடுக்கிறோமோ என்ற உங்கள் தயக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்பாராத நேரத்தில் வரும் ஒரு விசாரிப்பை அதைப் பெறுபவர் எவ்வளவு மதிக்கிறார் என்பதை அனுப்புபவர்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2022-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வுத் தொடர் காட்டியது.

மறுமொழி: காலைவெயில்

முந்தைய மறுமொழி தம்பிக்கானது. நான் அக்காவைப் பற்றி எழுதுகிறேன். ஏனென்றால் கவனித்துக்கொள்பவரின் உடல்நலமும் மனநலமும் இத்தகைய பேச்சில் பெரும்பாலும் கடைசி வரிக்குத் தள்ளப்பட்டுவிடுகின்றன.

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் அது தாங்குகிறது. இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாலும், எத்தனை முறை விழித்தாலும், காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். தூக்கம் வரும் நேரம் நம் கையில் இல்லை. எழும் நேரம் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. அது நிலைத்தால் உடலின் உள்கடிகாரம் மெல்ல மெல்ல அதனோடு இசைந்து வரும். அடுத்தது, நடு இரவில் விழித்து ஏறக்குறைய இருபது நிமிடங்களாகியும் தூக்கம் திரும்பவில்லை என்று தோன்றினால் படுக்கையிலேயே புரண்டுகொண்டிருக்காதீர்கள். எழுந்து வேறு இடத்தில், மங்கலான வெளிச்சத்தில், மனத்தைக் கிளறாத ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். கண் சொருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். குத்துமதிப்பாக இருந்தால் போதும். ரிச்சர்டு பூட்சின் என்னும் உளவியலாளர் 1972-இல் முன்வைத்த இந்த முறை, தூக்கமின்மைக்கான இன்றைய உளவியல் சிகிச்சையின் முக்கியமான பகுதிகளில் ஒன்று. படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கத்தை அறுப்பதுதான் இதன் நோக்கம். முதல் சில இரவுகள் சிரமமாகத்தான் இருக்கும்.

கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது இரண்டாவது. கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம், ஆனால் 1983-இலேயே தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் சோதித்த முறை இது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அமர்ந்து, அரை மணி நேரம் கவலைப்படுவதற்கு மட்டும் ஒதுக்க வேண்டும். மற்ற நேரங்களில் கவலை எழும்போது அதை அடக்க முயலக் கூடாது. "இதை ஆறு மணிக்கு யோசிக்கிறேன்" என்று ஒரு தாளில் நான்கு சொற்களில் குறித்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். கவலையை நினைக்காதே என்றால் மனம் கேட்பதில்லை. பிறகு நினைக்கலாம் என்றால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறது. அரை மணி நேரம் அதிகமென்று தோன்றினால் பதினைந்து நிமிடங்களில் தொடங்குங்கள். படுக்கப் போகும் நேரத்துக்கு அருகில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். குறித்த நேரம் வந்து தாளை எடுத்துப் பார்க்கும்போது, காலையில் நெஞ்சை அழுத்திய சில வரிகள் இப்போது அத்தனை அழுத்தவில்லை என்பதைக் காண்பீர்கள். எஞ்சியவற்றில் எதைப் பற்றி நாளை ஏதேனும் செய்ய முடியுமோ, அதற்குப் பக்கத்தில் செய்ய வேண்டியதை எழுதுங்கள். செய்ய ஒன்றுமில்லாதவை அடுத்த நாள் தாளுக்குப் போகட்டும்.

உடற்பயிற்சியைப் பற்றி ஒரு சிறு ஆறுதல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடல் உழைப்பைப் பரிந்துரைக்கிறது. ஆனால் அதில் பாதியளவு கூட, அதாவது வாரம் ஒன்றேகால் மணி நேர விரைவு நடைக்கு இணையான உழைப்பு கூட, மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு 18 விழுக்காடு குறைவதோடு தொடர்புடையது என்று 2022-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு கண்டது. நடப்பதால்தான் குறைகிறது என்று இத்தகைய ஆய்வைக் கொண்டு மட்டும் அறுதியிட்டுக் கூற முடியாது. எனினும் நாளுக்குப் பத்து நிமிட நடை வீண் என்று எண்ண வேண்டியதில்லை என்பதற்கு அது போதும். தம்பியையும் நடக்கச் சொல்லுங்கள், அவருக்கும் நல்லது.

மறுமொழி: மெல்லநடை

சில ஆண்டுகளுக்கு முன் நீண்ட மனச்சோர்விலிருந்து மீண்டு வந்தவன் நான். மேலே எழுதிய நண்பர் சொன்ன யாவும் சரியே. ஆனால் "தம்பியையும் நடக்கச் சொல்லுங்கள்" என்ற இறுதி வரியில் மட்டும் அவரோடு உடன்பட என்னால் இயலவில்லை. நடப்பது நல்லது என்பது மனச்சோர்வில் இருப்பவருக்குத் தெரியாத செய்தியன்று. தெரிந்தும் எழ முடியாமல் கிடப்பதுதான் அந்த நோய். நடக்கச் சொல்லும் ஒவ்வொருவரும், அவரால் முடியாத மற்றொன்றைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போகிறார்கள். "நான் இப்போது நடக்கக் கிளம்புகிறேன், தொலைபேசியில் உன்னையும் அழைத்துக்கொண்டு போகட்டுமா? நீ படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும்" என்று கேட்பது வேறு. அதில் அறிவுரை இல்லை, துணை இருக்கிறது. சில நாள்கள் கழித்து அவராகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வரலாம், வராமலும் போகலாம். இரண்டையும் ஒன்றுபோல ஏற்றுக்கொள்ளும் மனம் உங்களுக்கு இருந்தால் மட்டுமே அந்த அழைப்பு அவருக்குப் பாரமாக இராது.

எனக்கு அந்நாள்களில் பெரிதும் உதவிய செயல் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். என் நண்பர் ஒருவர் மாலையில் அழைப்பார். "துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறேன், நீயும் ஏதாவது செய், பேச வேண்டாம்" என்பார். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத் தொலைபேசியை மேசைமேல் வைத்துவிடுவோம். அந்தப் பக்கம் துணி உதறும் ஓசை கேட்கும். இந்தப் பக்கம் நான் கழுவாமல் கிடந்த ஒரு தட்டைக் கழுவுவேன், அல்லது பிரிக்காமல் குவிந்திருந்த கடிதங்களில் ஒன்றைப் பிரிப்பேன். அவ்வளவுதான். அவர் ஒருநாளும் "சபாஷ், தட்டைக் கழுவிவிட்டாயே!" என்று பாராட்டியதில்லை. வளர்ந்த மனிதன் ஒரு தட்டைக் கழுவியதற்குக் கிடைக்கும் பாராட்டு, அவன் எவ்வளவு கீழே போய்விட்டான் என்பதையே அவனுக்கு நினைவூட்டும். அதை அவர் யாரும் சொல்லாமலே அறிந்திருந்தார்.

பின்னாளில் படித்தபோதுதான், இது ஒரு சிகிச்சை முறைக்கு மிக அருகில் வருவதை அறிந்தேன். மனநிலை சரியான பிறகு செயல்படலாம் என்று காத்திராமல், மிகச் சிறிய செயலை முதலில் செய்து, மனநிலை அதைப் பின்தொடர்ந்து வர இடம் கொடுப்பது அதன் அடிப்படை. பீட்டர் லெவின்சோன் முதலானோர் 1970-களில் வளர்த்தெடுத்த இம்முறை, 2016-இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையில், நீண்ட பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் அளிக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கு, அதாவது எண்ணப் போக்கையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சைக்கு, குறைந்ததன்று என்று நிறுவப்பட்டது. அதை அளித்தவர்கள் அத்தகைய உயர்நிலைப் பயிற்சி பெறாத இளநிலைப் பணியாளர்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்று கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். என்ன வேண்டும் என்று யோசித்து, அதைக் கேட்கலாமா என்று தயங்கி, பிறகு வாய்விட்டுக் கேட்பது என்ற மூன்று வேலைகளையும் அந்த அன்பான வாக்கியம் நோயாளியின் தலையில் ஏற்றிவிடுகிறது. "மின்கட்டணத்தை நான் இங்கிருந்தே கட்டிவிடட்டுமா? வேண்டாமென்றால் மட்டும் சொல்" என்பதற்கு அவர் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை.

மறுமொழி: காலைவெயில்

உங்கள் திருத்தத்தை ஏற்கிறேன். உடன் நடப்பதும் நடக்கச் சொல்வதும் ஒன்றல்ல.

கேள்வி கேட்டவர்: மாலைநேரம்

மிக்க நன்றி. எதையும் கேட்காத செய்திகளை இன்றிலிருந்தே அனுப்பப் போகிறேன். எழும் நேரத்தையும் நிலைநிறுத்த முயல்கிறேன்.

இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பல நாள் மௌனத்துக்குப் பிறகு சில இரவுகளில் தம்பியே அழைப்பான். அப்போது ஒரு மணி நேரத்துக்கும் மேல், வேலையில் தனக்கு நேர்ந்த அதே அவமானத்தை அதே வரிசையில் சொல்வான். நான் முழுவதும் கேட்கிறேன். ஆனால் பேசி முடிக்கும்போது இருவருமே தொடங்கியதைவிட மோசமான நிலையில் இருக்கிறோம். மனம்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்கிறார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் கூடுகிறது?

மற்றொன்றை எழுதக் கை நடுங்குகிறது. சென்ற வாரம் பேச்சுக்கிடையில், "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்றான். நான் "அப்படியெல்லாம் பேசாதே" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அதைப் பற்றித் திரும்பக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்டதாகிவிடுமா?

மறுமொழி: செவிமடல்

நான் உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது காத்திருக்கக் கூடாத கேள்வி.

கேளுங்கள். இன்றே கேளுங்கள். தற்கொலையைப் பற்றி நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் பரவலானது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2342 பேரிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இக்கேள்வி கேட்கப்பட்டவர்கள் கேட்கப்படாதவர்களைவிட அதிக மனவேதனைக்கோ தற்கொலை எண்ணத்துக்கோ ஆளாகவில்லை. முன்பே துன்பத்தில் இருந்த மாணவர்களுக்குக் கேட்கப்பட்டதே சற்று ஆறுதலாக அமைந்ததற்கான அறிகுறியும் தெரிந்தது. 2014-இல் வெளியான ஒரு மதிப்பாய்வும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து இதே முடிவுக்கு வந்தது. சுற்றிவளைக்காமல், அமைதியான குரலில் இப்படிக் கேளுங்கள்: "அன்றைக்கு நீ இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்றாய். அது என் மனத்திலேயே இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் உனக்கு வருகிறதா?" "அப்படியெல்லாம் எதுவும் செய்துகொள்ள மாட்டாய் அல்லவா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி, எந்தப் பதில் உங்களுக்கு வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறது. அவரும் அதையே தந்துவிடுவார்.

"ஆம்" என்று சொன்னால் வாதாடாதீர்கள், அதிர்ச்சியைக் காட்டி அவரை உங்களைத் தேற்றும் நிலைக்குத் தள்ளாதீர்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்னதற்கு நன்றி கூறுங்கள். எப்படி, எப்போது என்று ஏதேனும் யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். திட்டம் இருந்தாலோ, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலோ அவரைத் தனியாக விடக் கூடாது. நீங்கள் தொலைவில் இருப்பதால், அருகிலிருக்கும் ஒருவரை உடனே அவரிடம் அனுப்பி, நீங்கள் இணைப்பிலேயே இருந்தபடி அவசர மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். திட்டம் இல்லை என்றாலும் அவருடைய மருத்துவருக்கு அடுத்த சந்திப்புவரை காத்திராமல் தெரிவியுங்கள். தற்கொலை உந்துதல் பலருக்கு அலைபோல உயர்ந்து தணிவது. அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஆபத்தான பொருள்கள் எளிதில் கிட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. எனவே வீட்டில் மருந்துகளைக் குறைந்த அளவில் மட்டும் வைத்திருப்பது பற்றி அவரிடமே பேசி, மருத்துவரிடமும் கேளுங்கள். உங்கள் தம்பி இருக்கும் இடத்தில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைத் தேடி, உங்கள் தொலைபேசியிலும் அவருடைய தொலைபேசியிலும் இன்றே சேமித்து வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இனி முதல் ஐயம். மனம்விட்டுப் பேசுவது நல்லதுதான். ஆனால் ஒரே துயரத்தை ஒரே தடத்தில் இருவர் சேர்ந்து திரும்பத் திரும்ப அரைப்பது வேறு வகைப் பேச்சு. அமண்டா ரோஸ் என்னும் உளவியலாளர் 2002-இல் சிறுவர்கள், பதின்வயதினரின் நட்புகளை ஆராய்ந்தபோது, இத்தகைய பேச்சு நண்பர்களின் நெருக்கத்தைக் கூட்டுவதையும், அதே சமயம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருப்பதோடு தொடர்புகொண்டிருப்பதையும் கண்டார். நெருக்கம் கூடுகிறது என்பதாலேயே, பாரமும் கூடுவது நமக்கு உடனே தெரிவதில்லை.

ஆகவே கேட்பதை நிறுத்தாதீர்கள், கேட்கும் விதத்தைச் சற்று மாற்றுங்கள். முதல் பத்து பதினைந்து நிமிடங்கள் குறுக்கிடாமல் கேளுங்கள். "அந்தக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொன்னதுதான் உன்னை இன்னும் அறுக்கிறது" என்று, அவர் சொன்னதன் சாரத்தை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். தாம் சொன்னது போய்ச் சேரவில்லை என்று எண்ணுபவர்தான் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்குவார். கதை மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பினால், "இதில் நாளைக்கு உனக்கு மிகக் கடினமாக இருக்கப்போகும் நேரம் எது?" என்று கேளுங்கள். "ஏன் இப்படி நடந்தது?" என்னும் கேள்வி நேற்றையே சுற்றிவரும், "நாளை எந்த நேரம்?" என்னும் கேள்விக்குத் திட்டவட்டமான விடை உண்டு. காலையில் எழுந்து கணினியைத் திறக்கும் நேரம் என்று அவர் சொன்னால், அந்த நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். பேச்சுக்கு ஒரு முடிவு நேரம் வைத்துக்கொள்வதும் நல்லது. "பத்து மணிவரை இருக்கிறேன், நாளை மறுநாள் மறுபடி பேசலாம்" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். இடையில் திடீரென முறித்துக்கொள்வதைவிட அது அன்பானது.

உங்களைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். தூக்கக் கேடு, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற சோர்வு, உங்களையே குறை கூறிக்கொள்ளுதல் போன்றவை இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் நீடித்தால், நீங்களும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரம் என்பது நான் கணித்துச் சொல்வதன்று; மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் கொள்ளும் கால அளவு அது.

மறுமொழி: ஒற்றையடிப்பாதை

ஆலோசகர் சொன்ன "நாளை" என்னும் கேள்வியோடு சேர்த்துப் படிக்கத்தக்க ஒன்றைச் சொல்கிறேன். ஜிம்பாப்வேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் ஹராரே நகரில் தொடங்கிய திட்டத்தில், சுகாதார நிலையத்து வளாகத்தில் போடப்பட்ட மரப் பெஞ்சில் அமர்ந்து துயருற்றவர்களோடு பேசுபவர்கள் பயிற்சி பெற்ற பாட்டிகள். பட்டம் எதுவும் பெறாத அவர்கள் முதலில் கேட்கிறார்கள். பிறகு, வந்தவர் தம் சிக்கல்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றில் ஒன்றை மட்டும் தாமே தேர்ந்தெடுக்க உதவுகிறார்கள். அந்த ஒன்றுக்கு அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு செயலை இருவரும் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வந்தவரின் உரிமை. அது எல்லாவற்றிலும் பெரிய சிக்கலாக இருக்க வேண்டியதில்லை. 573 பேர் பங்கேற்ற சோதனையின் முடிவுகள் 2016-இல் வெளியாயின. ஆறு மாதங்களுக்குப் பின் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு அறிகுறிகள் நீடித்தன. பெஞ்சில் பேசியவர்களில் அது சுமார் 14 விழுக்காடாக இருந்தது. தம்பியின் அவமானம் ஒரே இரவில் தீராது. ஆனால் அவர் அதோடு சேர்த்துச் சொல்லும் மற்றவற்றில், எழுதப்படாத ஒரு மின்னஞ்சலோ வாங்கப்படாத ஒரு சான்றிதழோ இருக்கக்கூடும். அதில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி கேட்டவர்: மாலைநேரம்

நேற்றிரவு கேட்டுவிட்டேன். ஆலோசகர் எழுதிக்கொடுத்த வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே கேட்டேன். எண்ணம் வருவது உண்டு, திட்டம் எதுவும் இல்லை என்றான். அழுதான். மருத்துவரிடம் சொல்ல அவனே ஒப்புக்கொண்டான். சந்திப்பை முன்னதாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உதவி எண் இருவரிடமும் இருக்கிறது. இந்த நிலையில் குடும்பத்தில் வேறு யாரிடமும் சொல்லலாமா, அல்லது அவனுடைய அந்தரங்கத்தை மீறியதாகிவிடுமா என்பது மட்டும் தெரியவில்லை.

மறுமொழி: செவிமடல்

மிகக் கடினமான ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். மருத்துவரிடம் போகும்போது, எண்ணங்கள் எப்போது வருகின்றன, எவ்வளவு நேரம் நீடிக்கின்றன, அந்நேரத்தில் எது கொஞ்சமேனும் உதவுகிறது என்பதை அவர் இரண்டு மூன்று வரிகளில் எழுதி எடுத்துச் செல்லட்டும். அறைக்குள் நுழைந்ததும் பலருக்குச் சொல் வராமல் போய்விடுகிறது. மருந்தைத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்பதையும், முழுப் பலன் தெரியப் பல வாரங்கள் பிடிக்கலாம் என்பதையும் மருத்துவர் வாயிலாகவே கேட்டுக்கொள்ளட்டும்.

குடும்பத்தாரிடம் சொல்வதைப் பற்றி அவரிடமே கேளுங்கள்: "இதை நான் ஒருத்தியாகத் தாங்குவதைவிட இன்னொருவரும் அறிந்திருந்தால் உன்னை நன்றாகக் கவனிக்க முடியும். யாரிடம் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம்?" பெரும்பாலானோர் ஒரு பெயரையாவது சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து நெருங்கியிருக்கும் நேரத்தில் மட்டும் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது. அதையும் இப்போதே அவரிடம் வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள். அவர் குறிப்பிடும் அந்த ஒருவரோடு நாள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை இல்லாத இரவில் தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உறங்குங்கள். அவசரமென்றால் யாரை அழைக்க வேண்டும் என்பது தம்பிக்கும் தெரிந்திருக்கட்டும்.